பெரிய கார்டும் சின்ன கார்டும்

இரண்டு பெருநகரங்களுக்கும் நடுவே நாள்தோறும் ஓடும் அந்தப் பகல் வண்டியில் ஓர் ஏற்பாடு இருந்தது. காலையில் இந்த நகரத்திலிருந்து ஒரு வண்டி கிளம்பும். அதே நேரத்தில் அந்த நகரத்திலிருந்தும் ஒன்று கிளம்பும். பாதி வழியில் இருக்கும் சந்திப்பு நிலையத்தில், ஒரே நடைமேடையின் இரு பக்கங்களிலும் இரண்டும் வந்து நிற்கும். பயணிகள் இருந்த இடத்தைவிட்டு அசைய வேண்டியதில்லை. ஓட்டுநர்களும் கார்டுகளும் மட்டும் இறங்கி வண்டி மாறிக்கொண்டு, வந்த வழியே அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். இருட்டுவதற்குள் வீட்டில் இருக்கலாம். குடும்பஸ்தன் எவனோ மேலிடத்தில் உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

இந்த நகரத்து வண்டியின் கார்டு அப்பா. அந்த நகரத்து வண்டியின் கார்டு மகன். நிலையத்தில் எல்லோருக்கும் அவர்கள் பெரிய கார்டு, சின்ன கார்டு.

தினமும் நடைமேடைக் குழாயருகே இருவரும் எதிரெதிரே வந்து நிற்பார்கள். இருவருக்கும் ஒரே உயரம், ஒரே மூக்கு, தொப்பியை ஒரே மாதிரி சற்று இடப்பக்கம் சாய்த்து வைக்கும் பழக்கம். வண்டியைக் கைமாற்றும்போது நிலவரத்தை வாயால் சொல்லியாக வேண்டும் என்பது விதி.

"அஞ்சாவது பெட்டியில ஒரு கதவை இழுத்துதான் மூடணும். மத்ததெல்லாம் சரி. சாவி இந்தாங்க" என்பார் பெரியவர்.

"மூணாவது பெட்டியில ஏசி மக்கர் பண்ணுது சார். சொல்லியனுப்பியாச்சு. வேற ஒண்ணுமில்ல" என்பான் மகன்.

அவ்வளவுதான். பெற்ற மகனை அவர் 'நீங்க' என்றார். பெற்ற தகப்பனை அவன் 'சார்' என்றான். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் கடந்து போவார்கள்.

டீக்கடைக்காரருக்கு இது பொறுக்காது. "புள்ளைய போய் வாங்க போங்கங்கறாரே, சம்பந்தி வீட்டுக்காரங்களா இவங்க?" என்று சுமைதூக்குபவரிடம் கேட்பார்.

"சம்பந்தியா இருந்தா ஒரு டீயாவது வாங்கிக் குடுத்திருப்பாருப்பா" என்பார் சுமைதூக்குபவர்.

காதில் விழும். பெரிய கார்டு திரும்பிப் பார்க்கமாட்டார்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருடைய தாத்தா காலத்திலிருந்து ரயில்வேச் சோறு. ஒருவர்மீதும் ஒரு புகார் கிடையாது. ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. 'அந்த வீட்டு ஆளா, வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்' என்று அதிகாரிகளே சொல்லிக் கேட்டவர் அவர். பெயர் என்பது ஒருவன் உழைத்துச் சேர்ப்பதல்ல. முன்னோர் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவது, கீழே போடாமல் அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியது. அவர் அப்படித்தான் நினைத்தார். அதில் தவறொன்றும் இல்லை.

தவறு வேறோர் இடத்தில் நடந்தது.

மகன் அந்த வழித்தடத்துக்கு மாற்றலாகி வந்த வாரம் அது. அன்று காலை கிளம்பும் முன் பெரிய கார்டு ஓட்டுநரிடம் பேசிக்கொண்டே நின்றுவிட்டார். "இன்னிக்கு நடுவுல வண்டிய வாங்கிக்கப் போறது யாரு தெரியுமா? நம்ம பையன்!" என்று ஆரம்பித்த பேச்சு நீண்டுபோனது. சிக்னல் விழுந்ததும் ஓடி ஏறிக்கொண்டார். பகல் வண்டியானாலும் கடைசிப் பெட்டியின் பின்புறம் வால் விளக்கை ஏற்றவேண்டும். அந்த விளக்கைப் பார்த்துத்தான் வண்டி முழுதாக வந்து சேர்ந்தது, பாதியில் பெட்டி எதுவும் கழன்று நிற்கவில்லை என்று நிலையத்தார் அறிவார்கள். அதை அவர் ஏற்றவில்லை.

சந்திப்பு நிலையத்தில் மகன் வண்டியைச் சுற்றிவந்தான். விளக்கைப் பார்த்தான். வேறொருவனாக இருந்தால் தானே ஏற்றிவிட்டுக் கண்ணடித்துவிட்டுப் போயிருப்பான். இவன் விளக்கை ஏற்றினான். பிறகு விதிப்படி அதை எழுதியும் அனுப்பினான்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். தாத்தா, அப்பா எல்லோரும் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது பெரிய கார்டுக்கு. பேனாவை எடுத்து, 'விளக்கை ஏற்றினேன். வழியில் அணைந்திருக்கலாம்' என்று எழுதிவிட்டார். வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே பொய். இத்தனை வருட அனுபவஸ்தர் சொல்வதா, நேற்று வந்தவன் சொல்வதா? அவரைத்தான் நம்பினார்கள். 'ஆராயாமல் சக ஊழியர்மீது குற்றம் சாட்டினார்' என்று மகனுடைய பணிப் பதிவில் குறிப்பு ஏறியது. அந்த வீட்டில் முதல் கறுப்புப் புள்ளி.

மகன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் இவரும் கத்தியிருப்பார், ஏதோ ஒரு வகையில் தீர்ந்திருக்கும். மறுநாள் குழாயருகே வந்து நின்று, 'எல்லாம் சரி சார்' என்றான். 'அப்பா' அன்றோடு போனது.

அடுத்த சில மாதங்களில் மருமகளுக்குப் பிரசவம். உதவிக்கென்று மனைவி மகன் வீட்டுக்குப் போனாள். குழந்தை தலைநிமிர்த்தி, தவழ்ந்து, இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். அவள் திரும்பவில்லை. 'எப்ப வர்றே?' என்று இவர் கேட்கவில்லை. கேட்காமல் வருகிறவள் அல்ல அவள்.

வீட்டில் அவர் ஒரு தட்டு, ஒரு தம்ளர் என்று இருந்தார். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார். யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று இருக்கட்டுமே. ஞாயிற்றுக்கிழமைகளில் சீருடைச் சட்டைகள் எல்லாவற்றையும் இஸ்திரி போடுவார். அது முடிந்துவிட்டால் அந்த நாளில் செய்ய வேறொன்றும் இருக்காது.

சந்திப்பு நிலையத்தில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர் குடும்பத்தைப் பார்த்தார். மகனுடைய தோள்பட்டையில் சில நாள் பால் கறை இருக்கும். குழந்தையைத் தூக்கிவிட்டு வந்திருக்கிறான். சட்டைப் பொத்தான் குறுக்கே பெருக்கல் குறிபோலத் தைத்திருக்கும். அது மனைவியின் தையல். கன்னத்தில் சின்ன நகக்கீறல். பேரனுக்கோ பேத்திக்கோ நகம் வெட்ட மறந்துவிட்டார்கள். பேரனா பேத்தியா என்பதுகூட ஓட்டுநர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. பேத்தி.

அந்த ஏற்பாட்டையும் மேலிடம் எடுத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் ஒரே கார்டு கடைசி வரை போய், அங்கேயே தங்கி, மறுநாள் திரும்பவேண்டும். நடுவில் வண்டி நிற்காது. எதிரெதிர் வண்டிகள் எங்கோ வெட்டவெளியில் ஒரு நொடி உரசினாற்போல் கடந்து போகும்.

"இனிமே உங்களுக்கு நிம்மதி, கார்டு ஐயா. அந்த முகத்துல முழிக்க வேண்டியதில்ல" என்றார் ஓட்டுநர், கேலியாகத்தான்.

"ஆமா, நிம்மதி" என்றார் இவர்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள், மகன் வழக்கமான நிலவரத்தைச் சொல்லிவிட்டு நகராமல் நின்றான்.

"ரெண்டாவது பெட்டி, ஜன்னலோரம், வயசான அம்மா ஒருத்தங்க தனியா வர்றாங்க சார். முட்டி சரியில்ல. கடைசியில கைபிடிச்சு இறக்கணும்."

"அழைச்சிட்டுப் போக யார் வருவாங்க?" விதிப்படி கேட்கவேண்டிய கேள்வி.

"கேட்டேன். 'அது உனக்கெதுக்கு, உன் வேலையப் பாரு'ன்னுட்டாங்க."

மகனுடைய உதட்டோரம் ஏதோ துடித்ததுபோல் இருந்தது. தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான்.

வண்டி நகர்ந்ததும் பெரிய கார்டு பெட்டி பெட்டியாக வந்தார். இரண்டாவது பெட்டியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மடியில் கண்ணாடிக்கூடு, மேலே தட்டில் வீட்டிலேயே பெரிய பெட்டி.

"டிக்கெட் பார்க்கணுமா?" என்றாள்.

"அது டிக்கெட் பரிசோதகர் வேலை."

"அப்ப கார்டுக்கு இங்க என்ன வேலை?"

பக்கத்து இருக்கைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"முட்டி எப்படி இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இருக்கு, காலோடதான் இருக்கு. நீங்க போய் கொடியாட்டுங்க. ஜனங்க பார்க்கறாங்க."

அவர் போய்விட்டார். கார்டு பெட்டியில் அவருடைய மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, பின்னால் ஓடும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்துவிட்டாள். இவ்வளவு பெரிய பெட்டியோடு வந்திருக்கிறாள். கேட்காமலேயே வந்துவிட்டாள். வீட்டில் பால் இருக்கிறதா என்று யோசித்தார். ரொட்டி இருந்தது. படுக்கை விரிப்பை மாற்றவேண்டும்.

கடைசி நிலையத்தில் அவளைக் கைபிடித்து இறக்கினார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை இறக்க, பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினார். அது பஞ்சாகக் கையோடு எழும்பி வந்தது. அவர் பின்னால் சாய்ந்து இருக்கையில் இடித்துக்கொண்டார். உள்ளே ஒன்றுமில்லை.

அதைக் கொண்டுவந்து அவளருகே வைத்தார்.

"என் துணிமணியெல்லாம் இங்கதானே கிடக்கு. எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். காலையில உங்க வண்டியிலயே திரும்பிடறேன். சாவி குடுங்க" என்றாள்.

சாவியைக் கொடுத்தார். வண்டியைச் சோதித்துப் பணிமனைக்கு அனுப்பிய பிறகுதான் கார்டு வீட்டுக்குப் போகலாம். அவள் பெட்டியை உருட்டிக்கொண்டு கூட்டத்தில் மெதுவாகப் போவதைப் பார்த்தார். சக்கரம் லேசாகத் தாவித் தாவிப் போயிற்று.

அவர் வீட்டுக்கு வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருமுனையிலிருந்தே அது தெரிந்தது. நடையை எட்டிப் போட்டார், பிறகு தன்னையே கடிந்துகொண்டு மெதுவாக்கினார். உள்ளே அலமாரி திறந்திருந்தது. கட்டில் நிறையத் துணி மடித்து அடுக்கியிருந்தாள்.

"தூசி மண்டிக் கிடக்கு வீடு. அடுக்களையில ஒரே ஒரு கரண்டிதான் புழக்கத்துல இருக்கு போல. மத்ததெல்லாம் கண்காட்சிக்கா?"

"ஒரு ஆளுக்கு எத்தனை கரண்டி வேணும்?"

"அதுவும் சரிதான்."

அவள் அடுத்த புடவையை எடுத்து மடித்தாள்.

"ஒரேயடியா போறியா?" என்று கேட்டேவிட்டார்.

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு விளக்கு ஏத்தினீங்களா?"

அவர் அலமாரிக் கதவைச் சாத்தப் போனார்.

"பதில் வேண்டாம். பொய் சொன்னா உங்க காது சிவக்கும். அந்தக் கடுதாசிய எழுதிட்டு சாப்பிட வந்தீங்களே, ரெண்டு காதும் தக்காளி மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"குடும்பத்து பேரு..."

"அவன் எந்தக் குடும்பம்? பக்கத்து வீட்டுக் குடும்பமா? அவன் பேருல விழுந்த கறை நம்ம பேருல விழலியா?" அவள் குரல் உயரவில்லை. "அவன் வெளியில ஒரு வார்த்தை சொல்லல. பொண்டாட்டிகிட்டகூட சொல்லல. 'அப்பா ஏத்தியிருப்பாரும்மா, நான்தான் சரியா பார்க்கல'ன்னு எங்கிட்டயே சொல்றான். அவன் காதும் சிவக்குது. உங்க புள்ளைதானே."

அவர் கட்டிலின் விளிம்பில், துணிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல், உட்கார்ந்தார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து அவன் முகத்தைக்கூட நீங்க பார்க்க முடியாது. ஒரு வார்த்தை. நாளைக்கு அங்க நிக்கும்போது அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் பேத்தியையும் தூக்கிட்டு இங்க வந்து நிக்கறேன். சொல்ல முடியலேன்னா விடுங்க. நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் கொடி காட்ட என்னால ஆகாது."

அவர் எழுந்து, அவளுக்கு எட்டாத மேல் தட்டிலிருந்த போர்வையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதையும் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை அவர் அவளுக்கு முன்பே கிளம்பிவிட்டார். முகம் தெளிந்திருந்தது. என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தவறு நடந்தால் அதை எங்கே சொல்லவேண்டுமோ அங்கே சொல்லவேண்டும். அந்த வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள், அவரும் மகனை அப்படித்தான் வளர்த்தார். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லிவிட்டு, கழுவிய கையோடு மகன் முன்னால் போய் நிற்கலாம்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் உட்கார்ந்து எழுதினார். 'வால் விளக்கை நான் ஏற்றவில்லை. ஏற்றியதாக எழுதியது பொய். வண்டியை வாங்கிக்கொண்ட கார்டு எழுதியதே உண்மை. அவர்மீதான குறிப்பை நீக்கவேண்டும்.' கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

ஸ்டேஷன் மாஸ்டர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவரும் இவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்னய்யா இது? ஓய்வு பெறப்போற நேரத்துல? இதை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"இந்தா, வாங்கி கிழிச்சுப் போடு. நான் பார்க்கவே இல்ல."

"நீ பார்த்தாச்சு. மேல அனுப்பு."

"அனுப்பினா என்ன ஆகும் தெரியுமில்ல?" ஸ்டேஷன் மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "பாதுகாப்பு விஷயத்துல பொய் சொன்னேன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே. விசாரணை முடியற வரைக்கும் உன்னை வண்டியில ஏத்தக் கூடாது. இன்னிக்கே. இப்பவே."

பெரிய கார்டு அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. விதி அவருக்குத் தெரியாததல்ல. அடுத்தவர்களுக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். இன்று ஏனோ அது தோன்றவே இல்லை. ஜன்னல் வழியே வண்டி நடைமேடையில் வந்து நிற்பது தெரிந்தது.

"சரி" என்றார். விசிலையும் கொடிகளையும் மேசைமேல் வைத்தார். பச்சைக்கொடி உருண்டு கீழே விழுந்தது. ஸ்டேஷன் மாஸ்டர்தான் குனிந்து எடுத்தார்.

மாற்று கார்டு அவசரமாக ஓடிவந்து கொடிகளை வாங்கிக்கொண்டு போனான். இவர் பின்னாலேயே நடைமேடைக்கு வந்தார். மனைவி இரண்டாவது பெட்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடி திறக்காத வகை. கதவருகே போய் நின்று கையசைத்தார். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஏன் இங்க நிக்கறீங்க? கொடி எங்க?"

சொன்னார். எழுதிக் கொடுத்ததைச் சொன்னார், வார்த்தை மாறாமல்.

அவள் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். சிரிப்பு வந்தது அவளுக்கு, கண்ணும் நிறைந்துவிட்டது.

"ஐயோ, மனுஷா! நான் அவன்கிட்டதானே சொல்லச் சொன்னேன்? ஆபீசுக்கு எழுதுன்னா சொன்னேன்? மத்தியானம் அங்க போய் நின்னு, 'தப்பு என்னுதுடா'ன்னு காதோட சொல்லியிருந்தா முடிஞ்சுபோச்சே. அப்புறமா நிதானமா எழுதியிருக்கலாமே."

"எழுதாம எப்படி அவன் மூஞ்சியில முழிக்கறது?"

"இப்ப எழுதிட்டீங்க. எப்படிப் போய் முழிக்கப் போறீங்க?"

அவர் வண்டியின் கடைசிப் பெட்டிப் பக்கம் பார்த்தார்.

"ஏறுங்க. என்கூட வாங்க" என்றாள் சட்டென்று.

"டிக்கெட் இல்ல."

"உள்ள போய் எடுத்துக்கலாம்."

"டிக்கெட் இல்லாம நம்ம வீட்டுல யாரும் ஏறினதில்ல." சொல்லி முடித்தபோதே அது எவ்வளவு உதவாத வார்த்தை என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் கால் எழவில்லை.

விசில் ஊதினார்கள். "நான் அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றாள் அவள்.

"நீ சொல்லாதே. நான் சொல்லணும்."

கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவள் ஏதோ சொன்னாள்; வாய் அசைந்தது. வண்டி நகர்ந்தது. வேறொருவன் கொடியசைக்க, அந்த வண்டி போவதை நடைமேடையில் நின்று அவர் முதல்முறையாகப் பார்த்தார். இத்தனை வருடமும் அவருக்கு நடைமேடைதான் பின்னால் போகும். வழியனுப்ப வந்தவர்கள் சிறுத்துக்கொண்டே போவார்கள். அவர்கள் அதற்குப் பிறகு என்ன செய்வார்கள் என்று அவர் யோசித்ததே இல்லை. ஒன்றும் செய்வதில்லை. கொஞ்ச நேரம் வெறும் தண்டவாளத்தைப் பார்க்கிறார்கள். பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரும்பி நடக்கிறார்கள்.

மத்தியானம் குழாயருகே மகன் வந்து நிற்பான். எதிரே வேறோர் ஆள் வந்து, கதவைப் பற்றியும் ஏசியைப் பற்றியும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுப்பான். மகன் நிமிர்ந்து, வந்த வண்டியை ஒருமுறை நீளப் பார்ப்பான். பார்ப்பானா? அதைக்கூடத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பயணச்சீட்டு வாங்கும் இடம் நிலையத்தின் முன்புறம் இருந்தது. அந்தப் பக்கத்து வழியில் அவர் வந்தே பல காலமாகிறது. வரிசை நீளமாக இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவர் சீருடையைப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடி போங்க சார்" என்று விலகினார். "இருக்கட்டும், நீங்க போங்க" என்றார்.

அவர் முறை வந்தபோது சீட்டுக் கொடுப்பவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "கார்டு ஐயாவா! நீங்க எதுக்கு இங்க? உங்களுக்குதான் பாஸ் இருக்கே!"

"டியூட்டியில இல்லம்மா. நாளைக்கு வண்டிக்கு ஒரு டிக்கெட். கடைசி வரைக்கும்."

"எந்தப் பக்கம் வேணும்? ஜன்னலோரமா, நடுவுலயா?"

அந்த வண்டியின் ஒவ்வோர் இருக்கையும் அவருக்குத் தெரியும். எது சாயாது, எதன் விளக்கு எரியாது, எல்லாம் தெரியும். எதில் உட்காரவேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. "எது இருக்கோ அது குடும்மா" என்றார்.

அவள் தட்டினாள். "திரும்பி வர எந்தத் தேதி போடட்டும்?"

அவர் யோசித்தார். மகன் வீட்டுக் கதவு எந்த நிறம் என்றுகூட அவருக்குத் தெரியாது. அழைப்பு மணியை அழுத்தினால் யார் வந்து திறப்பார்கள், என்ன முகத்தோடு திறப்பார்கள், உள்ளே வா என்பார்களா, பேத்தி இந்தக் கிழவனைப் பார்த்து அழுமா, ஒன்றும் தெரியாது.

"போறதுக்கு மட்டும் போடும்மா. திரும்பறது என் கையில இல்ல."

அவள் வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தாள். பின்னாலிருந்து ஒருவர், "பெரியவரே, கொஞ்சம் சீக்கிரம். எங்களுக்கும் வண்டி இருக்குல்ல?" என்றார்.

"மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, சீட்டை வாங்கிக்கொண்டு அவர் விலகி வழிவிட்டார். அந்த வார்த்தை வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது அவருக்கே வியப்பாக இருந்தது.